எவ்வளவு இருந்தா போதும்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

பேரு போட வேண்டாம். எனக்கு 43 வயசு. 28 வயசுல டைரியோட கடைசி பக்கத்துல ஒரு தொகைய எழுதி வெச்சேன், இது சேர்ந்துட்டா அப்புறம் பயமில்லன்னு. சேர்ந்துச்சு. அத அடிச்சிட்டு கீழ அதப்போல மூணு மடங்கு எழுதினேன், அதுவும் சேர்ந்துச்சு. மூணாவதா எழுதின நம்பரையும் போன மாசம் தாண்டிட்டேன். வீட்டு லோன் முடிஞ்சுது. குடியிருக்கிற வீட்ட விட்டுட்டு கணக்குப் பார்த்தா எங்க குடும்பத்துக்கு 14 வருஷச் செலவு கையில இருக்கு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது, ஃபோன எடுத்து ஆப் திறந்து பேலன்ஸ் பாக்குறேன், பாத்துட்டு படுத்தா தூக்கம் வரல. அன்னிக்கு என் மனைவி பாத்துட்டு "எவ்வளவு வந்தா நீங்க நிம்மதியா தூங்குவீங்க?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல அக்கா.

ஒண்ணு சொல்லணும். எனக்கு பத்து வயசுல அப்பா தொழில் படுத்துடுச்சு. கூட்டாளி வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தார். ராத்திரியோட ராத்திரியா வீட்ட காலி பண்ணினோம். வண்டில இடமில்லன்னு டேபிள் ஃபேன என் மடில வெச்சாங்க. எதுக்கு இத எழுதுறேன்னு தெரியல. போதும்ங்கிற மனசு வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, அது எங்க இருந்து வரும்? உண்மைல ஒரு நம்பர் இருக்கா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்த மூணு நாளா வெச்சிட்டிருந்தேன். நம்பர் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்கு. ஆனா நீங்க டைரில எழுதின மாதிரி தொகையா இல்ல, எத்தனை வருஷச் செலவுங்கிற கணக்கா இருக்கு. அத நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, "14 வருஷச் செலவு"ன்னு போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்க. உங்க கடிதத்துலயே ரொம்ப முக்கியமான வரி அதுதான். வெறும் தொகைக்கு அர்த்தமே கிடையாது, ஒருத்தருக்கு அஞ்சு வருஷம் வர்ற பணம் இன்னொருத்தருக்கு அஞ்சு மாசத்துல கரைஞ்சிடும்.

அதனால முதல்ல செலவுல இருந்து ஆரம்பிக்கிறேன். நம்மள்ல முக்காவாசி பேருக்கு சம்பளம் கடைசி இலக்கம் வரைக்கும் தெரியும், செலவு தெரியாது. எனக்கும் தெரியாது, ஒரு காலம் வரைக்கும். நான் வேலை பார்த்த இடத்துல எங்க பிரிவையே ஒரே நாள்ல மூடிட்டாங்க, அடுத்த வேலை கிடைக்க 11 மாசம் ஆச்சு. முதல் வாரமே ஒரு நோட்டு போட்டு தினமும் எழுத ஆரம்பிச்சேன், ஒரு பயத்துல எழுதினது அது, எழுத்தெல்லாம் கோணலா இருக்கும். மூணாவது மாசம் கூட்டிப் பாத்தா, முன்னாடி 100 செலவான இடத்துல 62 தான் ஆகியிருந்துச்சு. பசங்களுக்கு ஒரு குறையும் தெரியல. ஆனா ஏழாவது மாசம் இன்சூரன்ஸ் பிரீமியம், பசங்க ஃபீஸ், வண்டி ரிப்பேர் மூணும் சேர்ந்து வந்து அந்த 62ங்கிற கணக்க ஒரே வாரத்துல கவுத்துடுச்சு. மாசா மாசம் வராதத நான் செலவாவே நினைக்கல. அன்னியில இருந்து நான் மாசக் கணக்கே போடுறதில்ல, முழு வருஷத்தையும் எழுதி 12ஆல வகுக்குறதுதான். உங்க 14ங்கிறது அப்படிப் போட்டதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. ரெண்டு செலவு இருக்கணும் கையில, இப்ப வாழ்ற மாதிரி வாழ எவ்வளவு, இழுத்துப் பிடிச்சா எவ்வளவு. ரெண்டாவது நம்பர் தெரிஞ்சவங்களுக்கு பயம் பாதி குறையும், இது நான் அனுபவிச்சு சொல்றது.

இப்ப "பாதுகாப்பு"ங்கிற வார்த்தைக்குள்ள வேற வேற கேள்விகள் ஒண்ணா கலந்து கிடக்கு, அத பிரிச்சாகணும். நாளைக்கு வருமானம் நின்னா எத்தனை நாள் தாங்குவேன்ங்கிறது ஒண்ணு. இதுக்கு பொதுவா சொல்றது மூணுல இருந்து ஆறு மாசச் செலவு, ஒரே ஆள் சம்பாதிக்கிற வீடோ, வருமானம் ஏறி இறங்குற தொழிலோ இருந்தா ஒரு வருஷம். இந்தப் பணத்த மட்டும் ஷேர்ல போடாதீங்க, ஏன்னா வேலை போறதும் மார்க்கெட் விழுறதும் பல சமயம் கைகோத்துட்டுதான் வரும். அமெரிக்காவுல 2007 அக்டோபர்ல இருந்து 2009 மார்ச்சுக்குள்ள எஸ் அண்ட் பி 500 குறியீடு (அங்க இருக்கிற சுமார் 500 பெரிய கம்பெனிகளோட ஷேர் விலைய காட்டுறது) 57 சதவீதம் கிட்ட விழுந்துச்சு, அதே 2009 அக்டோபர்ல அங்க வேலையில்லாதவங்க 10 சதவீதத்த தொட்டாங்க. எப்ப பணம் தேவையோ அப்பதான் அது ரொம்ப குறைஞ்சு போயிருந்திருக்கும். உங்களுக்கு இந்த முதல் கேள்வி எப்பவோ முடிஞ்சு போச்சு தம்பி, அத முடிஞ்சதா ஒத்துக்கங்க.

அடுத்தது, இனிமே சம்பாதிக்கவே இல்லன்னாலும் காலம் முழுக்க ஓடுமாங்கிறது. இதுக்கு எல்லாரும் சொல்ற "25 மடங்கு", அதாவது ஒரு வருஷச் செலவப் போல 25 மடங்கு சேர்ந்திருக்கணும்ங்கிற கணக்கு, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அத எவ்வளவு நம்பலாம்னும் தெரியும். 1994ல வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர், 1926ல இருந்து இருக்கிற அந்த நாட்டு ஷேர், பாண்ட் (கடன் பத்திரம்) ரெக்கார்ட எடுத்து, ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் ரிட்டயர் ஆகியிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாத்தார். முதல் வருஷம் சேமிப்புல 4 சதவீதம் எடுத்து, அப்புறம் விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையையும் ஏத்திட்டே போனா, ரொம்ப மோசமான காலத்துல ரிட்டயர் ஆனவருக்குக்கூட 30 வருஷம் பணம் தீரலன்னு வந்துச்சு. 4 சதவீதம்னா தலைகீழா 25 மடங்கு (100ஐ 4ஆல வகுங்க), அவ்வளவுதான் அந்த நம்பர். 1998ல டெக்ஸாஸ்ல ட்ரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூணு பேர் வேற விதமா போட்டும் கிட்டத்தட்ட அதே பக்கம்தான் வந்தாங்க.

ஆனா இதுல ஒட்டிட்டு வர்ற நிபந்தனைகள யாரும் சொல்றதில்ல. ஒரே நாட்டோட ரெக்கார்டு, 30 வருஷம்தான், சேமிப்புல பாதிக்கு மேல ஷேர் இருக்கணும். 43 வயசுல நிறுத்துறவருக்கு 45, 50 வருஷம் ஓடணும், அவர் 3ல இருந்து 3.5 சதவீதம்னு வெச்சுக்கிறது நல்லது, அதாவது சுமார் 29ல இருந்து 33 மடங்கு. அதோட பெங்கன் கணக்குல ரொம்ப கஷ்டப்பட்டது யாருன்னா 1960கள் கடைசில ரிட்டயர் ஆனவங்க, ஆரம்பிச்ச கொஞ்ச வருஷத்துலயே 1973-74ல மார்க்கெட் பாதி கிட்ட விழுந்துச்சு, கூடவே விலைவாசி எகிறிடுச்சு. ஆரம்பத்துல அடி விழுந்தா மீள்றது கஷ்டம். சின்னதா போட்டுப் பாருங்க, 100 இருக்கு, வருஷ ஆரம்பத்துல 5 எடுக்குறீங்க, முதல் வருஷம் 30 சதவீதம் இறங்கி அடுத்த வருஷம் 30 ஏறினா மிச்சம் 80. அதே ஏத்தம் முதல்ல வந்து இறக்கம் அப்புறம் வந்தா 83. ஒண்ணும் எடுக்காம விட்டிருந்தா எந்த வரிசைல வந்தாலும் ஒரே 91 தான். எடுக்க ஆரம்பிச்சதும் வரிசை முக்கியமாயிடுது, இதே வித்தியாசம்தான் 30 வருஷத்துல பெருசா விரியும். அதனாலதான் வேலைய விடறவங்க முதல் சில வருஷச் செலவ ஆடாத இடத்துல வெச்சுக்கணும்னு சொல்றாங்க.

ஆனா தம்பி, நீங்க வேலைய விடப்போறேன்னு எங்கயும் எழுதலையே. அப்ப உங்க கணக்கே வேற. இனிமே நீங்க ஒண்ணுமே சேர்க்க வேண்டாம், சம்பாதிக்கிறத அப்படியே செலவு பண்ணிட்டு இருக்கிற சேமிப்ப மட்டும் தொடாம விடுறீங்கன்னு வெச்சுப்போம். விலைவாசி ஏத்தத்த கழிச்சது போக அது வருஷம் 4 சதவீதம் வளர்ந்தா, எத்தனை வருஷத்துல ரெண்டு மடங்காகும்னு பாக்க ஒரு குறுக்குக் கணக்கு இருக்கு, 72ஐ அந்த சதவீதத்தால வகுக்கணும், 72ஐ 4ஆல வகுங்க, 18 வருஷத்துல ரெண்டு மடங்கு. 61 வயசுல உங்க கையில 28 வருஷச் செலவு. 4 வரும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது, சரி, 2 தான்னு வெச்சாலும் 20 வருஷச் செலவு இருக்கும். இத படிச்சிட்டு ஒரு நிமிஷம் நிறுத்துங்க. பதினஞ்சு வருஷமா ஓடுன ஓட்டத்துல பெரும்பகுதி முடிஞ்சு போச்சு, இனி நீங்க சம்பாதிக்க வேண்டியது அந்தந்த வருஷச் செலவ மட்டும்தான். பிடிக்காத வேலைல இருந்தா குறைஞ்ச சம்பளத்துக்கு பிடிச்ச வேலைக்குப் போகலாம். எனக்கு இந்தக் கணக்கு முதல் தடவ புரிஞ்ச அன்னிக்கு நான் அழுதுட்டேன், அதனாலதான் உங்களுக்கும் இத இவ்வளவு விவரமா எழுதுறேன்.

இன்னொண்ணு, 25 மடங்குன்னா மாசச் செலவுல ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னாடி 300 ரூபாய் சேர்ந்திருக்கணும் (12ஐ 25ஆல பெருக்குங்க). மாசா மாசம் தானா கழியுற, யாருமே பாக்காத ஒரு சந்தாவ நிறுத்தினா இலக்கு அந்த அளவுக்கு கிட்ட வந்துடும். சேமிப்ப ஏத்துறத விட இது சுலபம், ஆனா பிடிச்சதையெல்லாம் வெட்டச் சொல்லல.

சேமிப்பால அடைக்க முடியாத ஓட்டைகளும் இருக்கு, அத தனியா அடைக்கணும். பெரிய வியாதி ஒண்ணு 14 வருஷச் செலவ ரெண்டு வருஷத்துல முழுங்கிடும், நல்ல ஹெல்த் இன்சூரன்ஸோட 5 வருஷச் செலவு வெச்சிருக்கவர் அது இல்லாம 14 வெச்சிருக்கவர விட கெட்டியா நிக்கிறார்னு நான் சொல்வேன். உங்க ஒருத்தர் சம்பளத்த நம்பி வீடு இருந்தா டேர்ம் இன்சூரன்ஸும் வேணும், குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள நீங்க இல்லாம போனா குடும்பத்துக்கு பணம் தர்றது அது. எந்தக் கணக்கு எங்க இருக்கு, நாமினி யாருன்னு உங்க மனைவிக்குத் தெரிஞ்சிருக்கணும். இத பத்தி நீங்க ஒரு வார்த்தையும் எழுதல, அதான் கேக்குறேன்.

அப்புறம் ராத்திரி ரெண்டு மணி. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் 1979ல எழுதினாங்க, வந்த லாபம் தர்ற சந்தோஷத்த விட அதே அளவு நஷ்டம் தர்ற வலி பெருசுன்னு, பின்னாடி வந்த ஆய்வுகள்ல அது சுமார் ரெண்டு மடங்குன்னு வந்துச்சு. 1995ல பெனார்ட்ஸி, தேலர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அத அடுத்த படிக்கு கொண்டு போனாங்க, அடிக்கடி பாக்குறவங்களுக்கு நஷ்டம் அடிக்கடி கண்ணுல படும், அதனால வலி கூடும்னு. யோசிச்சுப் பாருங்க, மார்க்கெட் ஒரு நாள்ல ஏறுறதும் இறங்குறதும் கிட்டத்தட்ட சரிபாதி, வருஷத்துக்கு ஒரு தடவ பாத்தா அமெரிக்க ரெக்கார்டுல சுமார் நாலுல மூணு தடவ ஏத்தம்தான். அதே பணம், அதே மார்க்கெட், தினம் பாக்குறவருக்கு மட்டும் ரெண்டு நாளைக்கு ஒரு அடி. நீங்க நிம்மதி தேடி ஆப்ப திறக்குறீங்க, அது ஒவ்வொரு தடவையும் பயத்துக்கு தீனி போடுது. ஃபோன்ல இருந்து அத எடுத்துடுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தேதி வெச்சு ரெண்டு பேருமா உக்காந்து பாருங்க.

டைரி நம்பர் ஏன் நகர்ந்துட்டே இருந்துச்சுன்னா, அதுக்குப் பக்கத்துல காரணம் எழுதல. இந்த தடவ காரணத்தோட எழுதுங்க, இத்தனை வருஷச் செலவு, இதுக்காக, இந்தத் தேதில, ரெண்டு பேர் கையெழுத்தோட. குடும்பத்துல ஒரு ஆள் கூடினா, ஒருத்தருக்கு உடம்பு முடியாம போனா மாத்துங்க. எட்டியாச்சுங்கிறதுக்காக மாத்தாதீங்க.

உங்க அப்பா விஷயத்துக்கு வர்றேன். எதுக்கு எழுதினேன்னு தெரியலன்னு சொன்னீங்க, எனக்கு கடிதமே அதுதான்னு தோணுச்சு. அவர் சேமிப்பு கம்மியா இருந்ததால அந்த ராத்திரி வரல, இன்னொருத்தர் கடனுக்கு போட்ட கையெழுத்தால வந்துச்சு. சேர்த்து வெச்சிருந்தாலும் அந்தக் கையெழுத்து அதையும் இழுத்துட்டுப் போயிருக்கலாம். உங்க வீட்டு லோன் முடிஞ்சாச்சு, நீங்க யாருக்கும் ஜாமீன் போடலன்னா, எல்லாத்தையும் ஒரே தொழில்ல வைக்கலன்னா, அந்தக் கதவு உங்க வீட்டுல ஏற்கனவே சாத்தியிருக்கு. ஆனா பத்து வயசுப் பையனுக்கு இந்தக் கணக்கு புரியாது, அவன் இன்னும் மடில ஃபேன வெச்சுக்கிட்டு வண்டிலயே உக்காந்திருக்கான், ராத்திரி ரெண்டு மணிக்கு பேலன்ஸ் பாக்குறது அவன்தான். அவனுக்கு நாலாவது நம்பர் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்ல தம்பி. பயம் உடம்ப வாட்டுற அளவுக்கு இருந்தா ஒரு கவுன்சிலர்கிட்ட போங்க, தயங்கவே வேண்டாம், உங்ககிட்ட இருக்கிற பணத்துக்கு அத விட நல்ல செலவு எனக்குத் தோணல.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்கிட்ட சொன்ன அந்த டேபிள் ஃபேன் விஷயம் உங்க மனைவிக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா