ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிளாசிக்கல் முறையில் (பழைய கிரேக்க, ரோமானிய மரபுக் கல்வி) சொல்லித் தருகிறோம். கையால் செய்யும் வேலைகள் தேவையா, நேர விரயமா?

கேட்டவர் அம்மாவா அப்பாவா தெரியவில்லை. ஆனால் "நேர விரயம்" என்ற சொல்லைப் பார்த்ததுமே, வீட்டில் யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. எனக்குச் சொன்னவர் என் கொழுந்தனார். மேசை முழுக்கக் களிமண், பையனுக்கு முழங்கை வரை சேறு. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "அண்ணி, இதுக்குப் பேர்தான் படிப்பா?" என்றார். அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வயிற்றெரிச்சல் மட்டும் வந்தது. அந்தப் பதிலை இங்கே கொட்டிவிடுகிறேன்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இதையே அவர் இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால், கேட்டது நியாயம்தான்.

அப்போது எகிப்துப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நான் மூன்று ராத்திரி கண்விழித்துத் தெர்மாகோலில் ஒரு பிரமிடு செய்தேன். "நாங்கள் செய்தோம்" என்று எழுத வந்து "நான்" என்று திருத்திக்கொண்டேன். பையனின் பங்கு மேலே மணல் தூவியது மட்டும். தப்பான பசையைத் தடவினால் தெர்மாகோல் உருகிப் பள்ளம் விழும் என்பது இரண்டாம் ராத்திரி நான் படித்த பாடம். முடிந்ததும் என் கணவர் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "சூப்பர் அப்பா!" என்று அவருக்கு ஒரே கைதட்டல். அது எனக்கு இன்னும் ஆறவில்லை, போகட்டும். அடுத்த வாரம் பையனிடம், "எகிப்தைப் பத்தி உனக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு" என்றேன். ரொம்ப யோசித்துவிட்டு, "பசை காய நேரம் ஆகும்மா" என்றான்.

அவன் மேல் தப்பே இல்லை. அவன் பார்த்தது பசையைத்தானே!

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தேவை. ஆனால் கை செய்கிற வேலையும் அன்றைய பாடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாடத்துக்கு அலங்காரமாக ஒரு வேலை என்றால் அது விரயம்தான். செய்து முடித்த பிறகு பிள்ளை தன் வாயால் எதைச் சொல்லிக் காட்டுகிறான் என்பதை வைத்துத்தான் நான் கணக்குப் பார்க்கிறேன்.

"கிளாசிக்கல் என்றாலே மனப்பாடம்தானே, அதில் களிமண்ணுக்கு என்ன வேலை" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை என்ற பழைய மூன்று படிகளைப் பிள்ளைகளின் வயதோடு பொருத்திக் காட்டியவர் டோரதி சேயர்ஸ். துப்பறியும் கதை எழுத்தாளர். 1947-இல் ஆக்ஸ்போர்டில் பேசிய ஒரு சொற்பொழிவில் இதைச் சொன்னார். முதல் படிக்கு அவர் வைத்த பெயரே கிளிப் பருவம். நாம் சொல்லும் அதே கிளிப்பிள்ளைதான். அந்த வயதில் மனப்பாடம் சுலபம், பிள்ளைக்கே அதில் ஒரு குஷி. அதை நான் மறுக்கவில்லை. என் பையனும் தினமும் காலையில் ஒப்பிக்கிறான். ஆனால் அவருக்கெல்லாம் வெகு காலம் முன்பே, கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமில் குவிண்டிலியன் என்ற ஆசிரியர் சின்னப் பிள்ளைகள் கையில் தந்தத்தில் செதுக்கிய எழுத்துகளை விளையாடக் கொடுக்கச் சொன்னார். பலகையில் எழுத்தைப் பள்ளமாக வெட்டி, எழுத்தாணியை அந்தப் பள்ளத்திலேயே ஓட்டிப் பழக்கலாம் என்றார். பிள்ளைகளை அடிப்பதும் அவருக்குப் பிடிக்காது. மரபு மரபு என்று நாம் கும்பிடுகிற ஆட்களே கைக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

களிமண் கதைக்கு வருகிறேன். இன்றைய ஈராக் பக்கம் வாழ்ந்த பழங்கால மக்கள் சுமேரியர்கள்; களிமண் பலகையில் எழுதினார்கள். அவர்களின் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் "எடுப்பா". பலகை வீடு என்று அர்த்தம். பையன் இரண்டு நாளைக்கு அப்பாவைப் பார்த்து "களிமண்ணை எடுப்பா" என்று கத்திக்கொண்டு திரிந்தான். எழுத்தின் பெயர் ஆப்பெழுத்து என்றதும், "யாருக்கு ஆப்பு வைக்கப் போறோம்?" என்றான். இந்தச் சிரிப்பிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ஒரு ஐஸ்கிரீம் குச்சியின் முனையை நேராக வெட்டினால் கூரான மூலை கிடைக்கும். அந்த மூலையை ஈரக் களிமண்ணில் சாய்த்து அழுத்தி எடுத்தால் ஆப்பு வடிவம் விழும். கீறக்கூடாது, அழுத்த வேண்டும். கீறினால் ஓரத்தில் மண் சுருண்டு நிற்கும்.

அந்தக் காலத்துப் பயிற்சிப் பலகைகளில் உள்ளங்கை அளவில் வட்டமாகச் சில கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் ஆசிரியர் எழுதிக் கொடுத்தது, மறுபக்கம் மாணவன் பார்த்து எழுதியது. நாங்களும் அப்படியே செய்தோம். நான் ஒரு பக்கம் எண்களை அழுத்தினேன். நிமிர்ந்து நிற்கிற ஆப்பு என்றால் எண் ஒன்று. மூலையை மட்டும் அமுக்கினால் பத்து. 23 என்றால் இரண்டு மூலை, மூன்று ஆப்பு. அவன் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தான். 59-க்கு ஐந்து மூலை, ஒன்பது ஆப்பு. இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கினான். 60-க்குத் திரும்ப ஒரே ஒரு ஆப்பு என்றேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப இது ஒண்ணா, அறுபதா?"

அவர்களுக்கும் அதே குழப்பம்தான், சுற்றியுள்ள கணக்கைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள், பூஜ்ஜியத்துக்கு அப்போது குறியே கிடையாது என்றேன். திருப்தி வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, அறுபது நிமிஷம் ஆனால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "ஒரு மணி." அப்புறம் பலகையைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், பேசவில்லை. மொத்தம் இருபது நிமிஷம். மூன்று வாரம் கழித்துக் கேட்டபோதும் ஒன்று விடாமல் சொன்னான். கொழுந்தனார் வாசலில் நின்று கேள்வி கேட்டது இந்த இருபது நிமிஷத்தில்தான்.

பிரமிடுக்குப் பதில் பிறகு என்ன செய்தோம் என்றால், ஆப்பிள் மம்மி. நான்கு துண்டு, ஒவ்வொன்றையும் எடை போட்டு எழுதிவைத்தோம். ஒன்று சும்மா, ஒன்று உப்பில், ஒன்று சமையல் சோடாவில், ஒன்று இரண்டையும் கலந்ததில். எகிப்தியர்கள் நேட்ரான் என்ற இயற்கை உப்பில் உடலை 40 நாள் உலர்த்தினார்கள், மொத்தச் சடங்கும் 70 நாள். நமக்கு ஒரு வாரம் போதும், நடுவில் நனைந்த உப்பை மாற்றினால். எங்கள் 52 கிராம் துண்டு 30 கிராமுக்கு வந்தது. மிச்சம் 22 கிராம் எங்கே போச்சு என்பதுதான் பாடம்.

வரலாற்றுக்கு ஒரு காலக்கோடு வரைந்து நடைவழிச் சுவரில் ஒட்டினோம். 10 வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்றால் 5000 வருஷம் ஐந்து மீட்டரில் அடங்கும். இவன் ஏழு மில்லிமீட்டர். ஸ்கேலை எடுத்துப்போய்ப் பாட்டியை அளந்து, "நீங்க ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை பாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தான். பெரிய பிரமிடு சுமார் நாலரை மீட்டர் தள்ளி, குளியலறைக் கதவுப் பக்கம்.

வடிவியலில்தான் ஒரு சண்டை. ஜாமெட்ரி பாக்ஸில் வருகிற கவராயத்தை யார் வடிவமைக்கிறார்கள்? பாதி வட்டத்தில் பென்சில் நழுவும், திருகை இறுக்கினால் கால் விரியும், சுற்றி வந்தால் ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேராது. நான் படித்த காலத்திலும் இதேதான். வட்டம் சேரவில்லை என்று ஆசிரியை என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியது இன்றும் ஞாபகம் இருக்கிறது. தப்பு கவராயத்தின் மேல், நின்றது நான். மனிதன் நிலாவுக்குப் போய்விட்டான், ஒரு திருகைச் சரியாகச் செய்ய ஆளில்லை.

கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டையை நீளமாக வெட்டி இரண்டு ஓட்டை போட்டேன். ஒன்றில் குண்டூசி, மற்றதில் பென்சில். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் முதல் வரைவு: ஒரு கோடு, அதன் இரண்டு முனையிலும் அந்தக் கோட்டின் நீளத்துக்கே இரண்டு வட்டம், வட்டங்கள் வெட்டும் புள்ளியோடு முனைகளைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம். ஏன் மூன்று பக்கமும் சமம் என்று கேட்டேன். அட்டையை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வைத்துப் பார்த்து, "மூணுமே இந்த அட்டைதானேம்மா" என்றான். யூக்ளிடும் இதையேதான் ஆரம் என்ற சொல்லில் சொல்கிறார். கவராயம் சரியாக வேலை செய்திருந்தால் இது அவன் கண்ணில் பட்டிருக்காது. கவராயத்தை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரி இல்லை; என் மூத்தவள் பள்ளிக்குத்தான் போகிறாள், நன்றாகவே படிக்கிறாள். எல்லோருக்கும் வீட்டில் உட்கார நேரமும் வசதியும் வாய்க்காது என்பதும் தெரியும். கேட்டவர் ஏற்கெனவே வீட்டில்தான் சொல்லித் தருகிறார் என்பதால் இவ்வளவு எழுதினேன். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிஷம். மற்ற நாளெல்லாம் ஒப்பிப்பதும் பார்த்து எழுதுவதும்தான்.

களிமண் எடுத்தால் கையைச் சிங்க்கில் கழுவ விடாதீர்கள். குழாய் அடைத்து, ஆளைக் கூப்பிட்டுக் கழற்ற வேண்டி வந்தது. வாளியில் கழுவுங்கள். ஒரு ராத்திரி விட்டால் மண் அடியில் படியும். மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, படிந்ததைத் துணியில் கொட்டிக் கொஞ்சம் உலரவிட்டால் அடுத்த பலகைக்கு ஆகும்.