கைபேசிக்கு வரும் பொய்ச் செய்திகள்: வாசகர் கேள்வி – பதில்

குறுஞ்செய்தி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வழியாக நடக்கும் ஃபிஷிங் மோசடிகளை, அதாவது நம்பகமானவர் போல் நடித்து விவரங்களைக் கறக்கும் மோசடிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கேட்டவர்களின் நலன் கருதிப் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: "கடந்த மாத பில் பதிவாகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே எங்கள் அதிகாரியை அழைக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கட்டணத்தை நான் முன்பே கட்டிவிட்டேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அந்த எண்ணை ஒருமுறை அழைத்துக் கேட்டுவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அழைக்க வேண்டாம், அம்மா. ஏறக்குறைய இதே வாசகம் 2022 வாக்கிலிருந்தே பல மாநிலங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்தியைச் சற்று நிதானமாகப் படித்தால், அது நம் ஊர் வழக்கம் தெரியாதவர்கள் எழுதியது என்பது புலப்படும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மின் கணக்கெடுப்பு நடக்கிறது. அப்படியிருக்க "கடந்த மாத பில்" எங்கிருந்து வந்தது? உங்கள் மின் இணைப்பு எண் அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. அனுப்பிய எண்ணோ யாரோ ஒரு தனிநபரின் பத்து இலக்கக் கைபேசி எண். நேரத்தையும் கவனியுங்கள்: இரவு 9.30 என்று குறிப்பிடுவதற்குக் காரணம், செய்தி மாலையில் வந்து சேரும்போது ஈ.பி. அலுவலகம் மூடியிருக்கும், நேரில் போய் விசாரிக்க உங்களுக்கு வழியிருக்காது என்பதுதான்.

அழைத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர் மிகவும் மரியாதையாகப் பேசுவார். நீங்கள் பணம் கட்டியதை மறுக்கவும் மாட்டார். "கட்டியிருக்கிறீர்கள் அம்மா, கணினியில்தான் ஏறவில்லை, பத்து ரூபாய் மட்டும் அனுப்பினால் பழைய தொகையும் சேர்ந்து பதிவாகிவிடும்" என்பார். அதற்காக எனிடெஸ்க், டீம்வியூவர் குயிக்சப்போர்ட் போன்ற ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணைப் படித்துக் காட்டச் சொல்வார். இவை தொலைவிலிருந்து கணினிப் பழுதைச் சரிபார்க்க நேர்மையாகப் பயன்படும் செயலிகள்தாம். ஆனால் அந்த எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்த நிமிடத்திலிருந்து உங்கள் கைபேசித் திரை அவருக்கும் தெரியும். பத்து ரூபாய் அவருக்குத் தேவையில்லை. அதை அனுப்புவதற்காக நீங்கள் தட்டச்சு செய்யும் விவரங்களும், அதற்காக வரும் ஓடிபியும்தான் அவருக்குத் தேவை.

உங்களுக்கு ஐயம் தீர வேண்டும் என்றால், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். அல்லது நீங்கள் வழக்கமாகக் கட்டணம் செலுத்தும் செயலியிலேயே நிலுவை இருக்கிறதா என்று பார்க்கலாம். செய்தியில் சொல்லப்பட்டிருப்பது உண்மையா பொய்யா என்று ஆராய்வதைக் காட்டிலும், அந்தச் செய்தி காட்டும் வழியில் போகாமல் நமக்கு முன்பே தெரிந்த வழியில் போய் விசாரிப்பதே பாதுகாப்பானது. இனி வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே வேறு வேறு இடங்களில் பொருத்திப் பார்ப்பவை.

கேள்வி: வங்கியிலிருந்து வரும் உண்மையான குறுஞ்செய்தியையும் போலியையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடியுமா? லிங்க்கில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்கிறார்களே?
– தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: ஓரளவுக்கு முடியும். நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளில், அனுப்புநர் இடத்தில் கைபேசி எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் இருக்கும்: முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் அதன் சேவைப் பகுதியான வட்டத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துகள், பிறகு நிறுவனத்தின் பதிவுபெற்ற சுருக்கப் பெயர். 2025 மே மாதத்திலிருந்து அதன் இறுதியில் இன்னோர் எழுத்தும் சேர்க்கப்படுகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசுத் தகவல். ஆகவே "உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பிக்கவும்" என்ற செய்தி சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து வந்தால் அதை அங்கேயே அழித்துவிடலாம். ஆனால் சரியான எழுத்துகளோடு வருவதெல்லாம் உண்மை என்று முடிவு கட்டிவிடக் கூடாது; பதிவுபெற்ற பெயர்களையே மோசடிக்காரர்கள் கைப்பற்றிப் பயன்படுத்தியதும் நடந்திருக்கிறது.

லிங்க்கைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. இதைப் பள்ளியிலேயே சொல்லித் தர வேண்டும் என்பது என் எண்ணம். முகவரியின் தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டுக்கு இடப்பக்கத்தில், அதை ஒட்டி இருப்பதுதான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும் பகுதி. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளங்களை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. வங்கி அல்லாத எவரும் இந்த முடிவைப் பதிவுசெய்ய முடியாது. ஆனால் அது முடிவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். 'பேங்க் டாட் இன்' என்பது நடுவில் வந்து, அதற்குப் பிறகு வேறு ஏதோ ஒரு பெயரும் 'டாட் காம்' என்பதும் தொடர்ந்தால், அந்தத் தளம் அந்த வேறு ஏதோ ஒரு பெயருக்கு உரியவருடையது. அரசுத் தளங்களின் 'ஜிஓவி டாட் இன்' முடிவுக்கும் இதே கணக்குதான். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஆர், என் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் கைபேசித் திரையில் எம் போலவே தெரியும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுச் சின்னத்தைப் பொறுத்தவரை, உங்கள் கைபேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் செல்லும் தகவலை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது. கதவு பூட்டியிருப்பதால் உள்ளே இருப்பவர் நல்லவர் என்று ஆகிவிடாது. மோசடித் தளங்களும் அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழைச் செலவில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள் நிறுவனம் 2023இல் குரோம் உலாவியிலிருந்து அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது.

கேள்வி: வருமான வரித்துறையின் பெயரில், ரீஃபண்ட் தொகை தயாராக இருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. முத்திரையும் சரியாக இருக்கிறது. வங்கிக் கணக்கை உறுதிசெய்ய ஒரு படிவம் இணைத்திருக்கிறார்கள்.
– தணிக்கையாளர் அலுவலக உதவியாளர், மதுரை

பதில்: எழுத்துப் பிழையைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்கலாம் என்ற அறிவுரைக்குக் காலம் கடந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் இன்று எவரும் குறையில்லாத ஆங்கிலத்தில் மட்டுமல்ல, ஒழுங்கான தமிழிலும் கடிதம் எழுதிவிட முடிகிறது. முத்திரையை நகலெடுப்பதோ அதைவிட எளிது.

கைபேசியில் மின்னஞ்சல் செயலிகள் பெரும்பாலும் அனுப்புநரின் பெயரை மட்டுமே காட்டும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரியும் விரியும். வரித்துறையின் பெயர் போட்டுவிட்டு, முகவரி ஒரு சாதாரண ஜிமெயிலாகவோ சம்பந்தமில்லாத வெளிநாட்டு நிறுவனமாகவோ இருந்தால் ஐயமே வேண்டாம். ஆனால் உங்கள் வழக்கில் இத்தனை ஆராய்ச்சியும் அவசியமில்லை. ரீஃபண்ட் தொகை, வரித்துறையின் ஈ-ஃபைலிங் தளத்தில் வரி செலுத்துபவர் ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போய்ச் சேருகிறது. பின் எண்ணையோ கடவுச்சொல்லையோ கார்டு விவரத்தையோ வரித்துறை மின்னஞ்சலில் கேட்பதில்லை. இணைத்திருக்கும் படிவத்தைத் திறக்காமல், ஈ-ஃபைலிங் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். துறை உண்மையிலேயே ஏதாவது கேட்டிருந்தால் அது அங்கே இருக்கும்.

கேள்வி: போக்குவரத்து அபராதம் என்று ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு), நன்கு தெரிந்த நண்பரின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்து நிறுவிவிட்டேன். இரவு என் கணக்கிலிருந்து மூன்று தடவையாகப் பணம் போய்விட்டது. ஓடிபியை நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது?
– ஜவுளி வணிகர், ஈரோடு

பதில்: ஐயா, இதை எழுதுவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக அதை விரிவாக இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் மனச்சுமையைக் குறைக்க ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோப்பை உங்கள் நண்பர் தெரிந்து அனுப்பவில்லை. அவரும் உங்களைப் போலவே அதை நிறுவியிருப்பார். பிறகு அவருடைய வாட்ஸ்அப்பைக் கைப்பற்றியவர்கள் அவர் தொடர்பில் உள்ள அனைவருக்கும் அதை அனுப்பியிருப்பார்கள். நிறுவும்போது அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும். அனுமதி கிடைத்ததும், உங்களுக்கு வரும் ஓடிபி நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குப் போய்விடும். நீங்கள் யாரிடமும் சொல்லாமலே பணம் போனது இப்படித்தான்.

பணம் போனது தெரிந்தவுடன் அந்தக் கைபேசியின் இணையத்தை நிறுத்திச் சிம் கார்டைக் கழற்றிவிட்டு, வேறொருவரின் கைபேசியிலிருந்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் போன நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனையின் குறிப்பு எண் (யுபிஐ என்றால் 12 இலக்கம்) ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த விவரம் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அனுப்பப்பட்டு, அங்கே மிச்சமிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிடங்களில் தாண்டவிடுவதால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் ஓர் இரவு மிகப் பெரிய இழப்பு. வீட்டில் சொல்லத் தயங்கி நாள் கடத்துபவர்களே அதிகம் இழக்கிறார்கள். தயவுசெய்து இன்றே வீட்டில் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

அடுத்ததாக வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையோ புகார் எண்ணையோ பெற்றுக்கொள்ளுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் நடந்த மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்களுக்குள் என்றால் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவுதான் காரணம் என்றாலும்கூட, புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. கிளையில் "நீங்கள்தானே செயலியை நிறுவினீர்கள்" என்று ஒரே வார்த்தையில் கைவிரிக்கக்கூடும். வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. அதை மேற்கோள் காட்டியே எழுதுங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கைபேசியை முழுமையாக ரீசெட் செய்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். உண்மையான அபராதம் இருக்கிறதா என்று அறிய, மத்திய அரசின் பரிவஹன் தளத்தில் ஈ-செலான் பகுதிக்குப் போய் வண்டி விவரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். அபராதம் வசூலிக்கக் காவல்துறை எவருக்கும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்புவதில்லை.

கேள்வி: பழைய மிதிவண்டியை விற்க விளம்பரம் கொடுத்தேன். வாங்குபவர், பணம் என் கணக்குக்கு வர க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொல்கிறார். சரியா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தவறு, தம்பி. யுபிஐ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணம் போவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் உரியது. பணம் பெற எந்த எண்ணையும் போட வேண்டியதில்லை.

கேள்வி: அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கைபேசியைப் பிடுங்கிக்கொள்ளவும் மனமில்லை, பயமாகவும் இருக்கிறது. ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா?
– மென்பொருள் பணியாளர், பெங்களூரு

பதில்: கைபேசியைப் பிடுங்க வேண்டாம், அது அவருக்கு உங்களோடு உள்ள தொடர்பு. ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யுபிஐயிலிருந்து விலக்கிவிட்டு, மாதச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கும் இன்னொரு கணக்கை அதில் இணைத்துக் கொடுங்கள். கார்டில் இணையவழிப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் வங்கிச் செயலியிலேயே நிறுத்திவைக்கலாம். தினசரி வரம்பையும் குறைக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் அமைப்புகளுக்குள் சென்று, அறியப்படாத இடங்களிலிருந்து செயலி நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1930ஐயும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த நேரத்தில் அழைத்தாலும் திட்டாமல் கேட்பீர்கள் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்த அமைப்புகளை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே செய்யுங்கள்.