குட்டி போட்ட ஆடு தீனி எடுக்கவில்லை, கெட்ட வாடையோடு நீர் வடிகிறது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வெள்ளாடு நாலு நாளைக்கு முன் இரட்டைக் குட்டி போட்டது. முதல் குட்டிக்குக் கால் மடங்கியிருந்ததால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கையை விட்டுத் திருப்பி எடுத்தார். இளங்கொடி விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நேற்று காலையிலிருந்து தழையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பின்பக்கம் பழுப்பு நிறத்தில் கெட்ட வாடையோடு நீர் வடிகிறது. பால் குறைந்து குட்டிகள் கத்துகின்றன. என் மருமகள்தான் ஆட்டைப் பார்த்துக்கொள்கிறாள், அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. வேப்பெண்ணெய் புகட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (வேடசந்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: வேப்பெண்ணெய் புகட்ட வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் ஆட்டின் கருப்பையில் கிருமி புகுந்து அழற்சி கண்டிருக்கிறது. இன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆடு ஓரிரு நாளில் படுத்துவிடும், அதற்கப்புறம் எழுப்புவது கஷ்டம். மருந்தகத்துக்குக் கொண்டுபோக வசதி இல்லையென்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் வருவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நமக்கு விற்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அதன் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, ஆட்டின் ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்தி, லேசாகச் சாய்த்து உள்சுவரில் படும்படி பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் சூடு குறைவாகக் காட்டும். நல்ல ஆட்டுக்கு 101.5 முதல் 103.5 டிகிரி வரை இருக்கும். நிழலில் அரை மணி நேரம் நின்ற பிறகும் 104-ஐத் தாண்டினால் காய்ச்சல்தான். காதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நான் நம்புவதில்லை, வெயிலில் நின்ற ஆட்டின் காது எப்போதும் சுடத்தான் செய்யும். மருத்துவரிடம் போனில் பேசும்போது முதலில் இந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கெட்ட வாடை இருந்தும் சூடு 100-க்குக் கீழே இறங்கியிருந்தால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நோய் முற்றிய ஆட்டுக்கு உடல் சில்லிட்டுப் போகும்.

குட்டி போட்ட ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக நீர் வடிவது இயல்பு. சிவப்பாகவோ பழுப்பாகவோ, கொழகொழவென்று இருக்கும். ஆனால் நாறாது, ஆடும் நன்றாக மேயும். வாலடி ரோமத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதை ஒரு குச்சியால் எடுத்து மோந்து பாருங்கள். வெறும் ரத்தக் கவிச்சி என்றால் பரவாயில்லை. அழுகிய மாமிச வாடை வந்து, நீரும் தண்ணீர் போல் இளகி வந்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது என்று அர்த்தம். வெள்ளாடு பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்குள் கொடியைப் போட்டுவிடும். 12 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். விழுந்த கொடியைச் சில ஆடுகள் தின்றுவிடும், நாயும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் யாரும் பார்க்கவில்லை என்பதை வைத்து மட்டும் கொடி உள்ளே நிற்கிறது என்று முடிவுகட்ட முடியாது. உங்கள் ஆட்டுக்கு வெளிக்கை வேறு உள்ளே போயிருக்கிறது. கொடி முழுதாக விழுந்திருந்தாலும் அந்த வழியில் கிருமி போயிருக்கலாம்.

மருத்துவர் கிருமிக்கொல்லி ஊசி போடுவார், காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி தருவார், ஆடு துவண்டிருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவார். கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி குட்டி போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில்தான் நன்றாக வேலை செய்யும். நாலாம் நாளில் எது பொருந்தும் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாட்டுக்குப் போடுகிற மாத்திரையை நீங்களாகக் கருப்பைக்குள் தள்ளாதீர்கள், வெள்ளாட்டின் கருப்பை வாய் சிறியது, கிழிந்துவிடும். கிருமிக்கொல்லி ஊசியைச் சொன்ன நாள் வரைக்கும் போட்டு முடியுங்கள். இரண்டாம் ஊசியிலேயே ஆடு தீனி எடுக்கத் தொடங்கும். அதோடு நிறுத்திவிட்டால் நோய் திரும்ப வரும், அடுத்த தடவை அதே மருந்து கேட்காது. கையை விட்டு எடுத்த பிரசவம் என்பதால் தனுர்வாத ஊசி பற்றியும் கேளுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் ஆடு மரக்குதிரை மாதிரி கால்களை விறைத்து நின்றாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அது தனுர்வாதம்.

கொடி வெளியே தொங்கினால் இழுக்கக் கூடாது, கல்லைக் கட்டித் தொங்கவிடவும் கூடாது. பாதி அறுந்து உள்ளே நிற்கும், கருப்பையே வெளியே வந்துவிடவும் கூடும். நோயாளி ஆட்டுக்கு விழுங்கும் சக்தி குறைவு. தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் இருமல்கூட இல்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். கருப்பை நோயோடு நுரையீரல் நோயும் சேர்ந்துகொள்ளும். வேப்பெண்ணெய்க்கு வேறு வேலை இருக்கிறது. வாலடியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, சுற்றிலும் வெளியே தடவிவிடுங்கள். ஈ அண்டாது, புழு வைக்காது.

இப்போது மருமகள் விஷயம். ஆடு குணமாகும் வரை அவள் பட்டிக்குள் போகவே வேண்டாம். குட்டி போட்ட ஆட்டின் நீரிலும் கொடியிலும் புரூசெல்லா, கியூ காய்ச்சல், கிளமிடியா போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. அவை கர்ப்பிணிக்குத் தொற்றினால் கரு கலையக்கூடும். இந்த ஆட்டுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பரிசோதிக்காமல் துணிவது கூடாது. இதற்குள் அவளுக்குக் காய்ச்சல் ஏதும் வந்திருந்தால், ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த வீடு என்பதை அவளுடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்களும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். கொடியோ அழுக்கு வைக்கோலோ கிடைத்தால் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

குட்டிகளுக்கு வேறு ஆட்டின் பால் கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் காய்ச்சி ஆறவைத்த பசும்பாலை வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். இரண்டு கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 300 மில்லி அளவில், நாலைந்து வேளையாகப் பிரித்துப் பாட்டிலில் கொடுங்கள். தாயிடமும் ஊட்ட விடுங்கள், அதற்கு முன் மடியைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். கழுவும்போதே மடியின் இரண்டு பக்கத்தையும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாக, கல் போல் இருந்தாலோ, பால் திரிதிரியாகவோ ரத்தம் கலந்தோ வந்தாலோ மடிநோயும் சேர்ந்திருக்கிறது. மடி சில்லிட்டு நீலம் பாய்ந்திருந்தால் அது அவசரம்.

தீனி விஷயத்தில் நம் ஊர்களில் நடக்கும் ஒரு தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பிள்ளை பெற்ற உடம்பு என்று இரக்கப்பட்டுச் சோறும் அரிசிக் கஞ்சியும் நிறைய வைப்பார்கள். பட்டினி கிடந்த வயிற்றில் அது புளித்துப்போய், நோயில் பிழைத்த ஆடு அதில் செத்துப்போகும். வேப்பந்தழை, அகத்தி, முருங்கை, காய்ந்த கடலைக்கொடி என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சின்ன வெல்லக்கட்டியைக் கரைத்து வைத்தால் தானாகக் குடிக்கும்.

கெட்ட வாடை இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், காது சில்லிட்டு, தள்ளாடி, கழுத்தை ஒரு பக்கம் வளைத்துப் படுத்திருந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அதற்கு வேறு வைத்தியம், கால்சியம் ஏற்ற வேண்டும். அதையும் மருத்துவரே மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும்.

ஊசி போடும் நாட்களிலும், அப்புறம் மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் அந்தப் பாலை வீட்டுக்கு எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் கிடாவோடு சேர்க்காமல் விடுங்கள். பருவத்துக்கு வரும்போது வழியும் திரவம் கண்ணாடி போல் தெளிவாக இருந்தால் சேர்க்கலாம். வெள்ளையாகச் சீழ் கலந்து வந்தால் சேர்க்காமல் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.