திங்கட்கிழமை வயிற்றுவலி

அன்புள்ள ஐயா,

என் மகள் நான்காம் வகுப்பு. ஜூன், ஜூலையில் ஒழுங்காகப் போனாள். இப்போது வாரம் ஒருநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள், பத்து மணிக்கு எழுந்து விளையாடுகிறாள். அடித்து அனுப்புவதா, விட்டுப்பிடிப்பதா?

மா., திருவாரூர்

அன்புள்ள மா.,

வலி பொய் என்று முடிவுகட்டாதீர்கள். பயம் உண்மையாகவே வயிற்றைப் பிசையும். பள்ளி வேன் போனதும் பயம் தணியும், வலியும் தணியும். அதனால் அடிக்காதீர்கள். விட்டுப்பிடிக்கவும் வேண்டாம்.

வாரம் ஒருநாள் என்பது, 210 வேலைநாள் உள்ள ஆண்டில் ஏறக்குறைய 42 நாள். வகுத்தலில் அடுத்த இலக்கத்தை இறக்கச் சொல்லிக்கொடுத்த அன்று வராத பிள்ளை, மறுநாள் கரும்பலகையைப் பார்த்து விழிக்கும். எழுப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து மறுபடி லீவு கேட்கும். ஒரு லீவு அடுத்த லீவைக் கூட்டிவருவது இப்படித்தான்.

காலண்டரில் வலி வந்த நாள்களைக் குறியுங்கள். அதை வகுப்பு டைம்டேபிளோடு ஒப்பிட்டால் கணக்கா, டிக்டேஷனா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரா என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமையும் வலித்தால், வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சல், வாந்தி, நீர்க்கடுப்பு இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காலையில் "இன்னைக்குப் போறியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே லீவுக்கு இடம் கொடுக்கிறது. "வா, தலை பின்னலாம்" போதும். பையை இரவே அடுக்கிவிடுங்கள். ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். ஞாயிறு அன்றும் எழுவது ஏழு மணியைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் திங்கள் காலை இழுபறிதான்.

வீட்டிலேயே தங்கிவிட்டால் பள்ளி விடும் நேரம்வரை டிவியும் செல்போனும் கிடையாது. கஞ்சி, படுக்கை, புத்தகம். பாட்டி இரக்கப்பட்டு வடை சுட்டு போனையும் கையில் கொடுப்பதுதான் பல வீடுகளில் காரியத்தைக் கெடுக்கிறது. பத்து மணிக்குத் தெளிந்துவிட்டால் முகம் கழுவிக் கொண்டுபோய் விடுங்கள், அரைநாளும் நாள்தான். வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே இரண்டு உதவி கேளுங்கள்: "ஏன் வரலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது, போனவுடன் நோட்டு எடுத்துக்கொடுப்பது போல ஒரு சின்ன வேலை தர வேண்டும். விட்டுப்போன பாடத்தை முழுக்கப் பார்த்தெழுத வைக்காமல், அன்றைய கணக்கில் இரண்டை மட்டும் அவளோடு உட்கார்ந்து போடுங்கள்.

அடி, கேலி, தவறான தொடுதல் என்று ஏதாவது தெரியவந்தால் அனுப்பும் பிடிவாதத்தை நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியரைப் பாருங்கள். உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொன்று. இன்று மாலை தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வந்திருந்தால் பள்ளிக் கழிப்பறையைப் பற்றி விசாரியுங்கள். அங்கே போகக் கூசித் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் நிறைய. அதனால் மலச்சிக்கலும் வரும், வயிறும் வலிக்கும்.