மூன்று வாள்களும் ஒரு நெருப்புக்கல்லும்

வணக்கம் ஐயா,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சின்னதாக ஓர் ஆன்லைன் ஃபேண்டஸி கேம் செய்துவருகிறோம். அதில் குறுவாள், நெடுவாள், இரு கை வாள் என்று மூன்று வகை. குறுவாள் அரை நொடிக்கு ஒரு வீச்சு, 50 டேமேஜ். நெடுவாள் ஒரு நொடிக்கு 100. இரு கை வாள் இரண்டு நொடிக்கு 200. நொடிக்கு இவ்வளவு என்று பார்த்தால் மூன்றுக்கும் டிபிஎஸ் சரியாக 100. அப்படியும் எல்லாரும் குறுவாளைத்தான் எடுக்கிறார்கள். வாளில் பதிக்கும் நெருப்புக்கல்லைக் கொண்டுவந்த பிறகு (ஒவ்வொரு அடிக்கும் 20 கூடுதல்) மற்ற இரண்டையும் யாரும் சீந்துவதில்லை. போன பேட்சில் (விளையாட்டின் திருத்தப் பதிப்பில்) குறுவாளை 45 ஆகக் குறைத்து நெர்ஃப் செய்தோம். கோபப்பட்டார்களே தவிர ஒருவரும் வாளை மாற்றவில்லை. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், விட்டுவிடு" என்கிறான் நண்பன். விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடாதீர்கள். நண்பர் சொன்ன பழமொழி வல்லவனைப் பற்றியது. உங்கள் விளையாட்டில் வல்லவனும் கணக்குப் போடுவான். போட்டுவிட்டுக் குறுவாளைத்தான் எடுப்பான்.

முதலில் நெருப்புக்கல். குறுவாள் நொடிக்கு இரண்டு முறை அடிக்கிறது. கல் பதித்தால் அடிக்கு 70, நொடிக்கு 140. நெடுவாள் 120. இரு கை வாள் 220ஐ இரண்டு நொடிக்கு ஒருமுறை இறக்குகிறது, நொடிக்கு 110. காகிதத்தில் சமமாக இருந்த மூன்றும் ஒரே கல்லில் பிரிந்துவிட்டன. 45 ஆகக் குறைத்த பிறகும் குறுவாளுக்கு 65 இரண்டு தடவை, 130. இன்னும் முதலிடம்தான். ஆட்டக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை, சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். நீங்கள் குறைத்தது வாளை. கோளாறு கல்லில்.

கல்லின் பலனை வீச்சு நேரத்தோடு கட்டிவிடுங்கள். குறுவாளுக்கு 10, நெடுவாளுக்கு 20, இரு கை வாளுக்கு 40. மூன்றும் 120க்கு வந்துவிடும். குறுவாளை மறுபடி 50 ஆக்கிவிடுங்கள். கோபப்பட்டவர்களுக்கு அதுவே பாதி சமாதானம்.

இதே சங்கடம் தலைகீழாகவும் வரும். 2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஆரம்பத்தில் உடனடி அடி கொடுக்கும் திறன்கள் தாக்குபலத்தை ஆயுதத்தின் வீச்சு நேரத்தால் பெருக்கின. அதனால் எவ்வளவு மெதுவான ஆயுதமோ அவ்வளவு லாபம். பிறகு அந்தக் கணக்கில் மட்டும் வீச்சு நேரத்துக்குப் பதிலாக வகைக்கு ஒரு நிலையான எண் வைத்தார்கள்: கத்திக்கு 1.7, மற்ற ஒரு கை ஆயுதங்களுக்கு 2.4, இரு கை ஆயுதங்களுக்கு 3.3. ஆயுதங்களின் வேகம் அப்படியே இருந்தது. ஓட்டை எங்கே இருந்ததோ அங்கே மட்டும் அடைத்தார்கள்.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டையும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வாள் சமநிலை படிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே காலம் 0.6 நொடித் துண்டுகளாக ஓடுகிறது. சிமிட்டார் என்ற வளைவாள் நான்கு துண்டுக்கு ஒருமுறை அடிக்கும், நெடுவாள் ஐந்துக்கு ஒருமுறை. ரூன் என்ற உலோக வகையில் வளைவாளின் பலம் 44, நெடுவாளுக்கு 49. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான பண்டமாற்று. ஆனால் அதிகபட்ச அடியைக் கணக்கிடும் சூத்திரம் ஆயுத பலத்தோடு 64ஐக் கூட்டிக்கொள்கிறது. ஆக உண்மையான போட்டி 108க்கும் 113க்கும். ஐந்து சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. நிமிடத்துக்கு வளைவாள் 25 அடி, நெடுவாள் 20. அப்புறம் நெடுவாளை யார் எடுப்பார்கள்? ஆயுதத்தின் விவரப் பெட்டியில் தெரியும் எண் வேறு, சூத்திரத்துக்குள் போய் வேலை செய்யும் எண் வேறு. உங்கள் சூத்திரத்திலும் இப்படி எதையாவது கூட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

சரி, கல்லைத் திருத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் குறுவாள்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். காரணம், 'இரண்டு நொடி' என்பதை நீங்கள் ஒரே எண்ணாக வைத்திருப்பது. அதற்குள் இரண்டு காலம் இருக்கிறது: வாளை ஓங்கும் நேரம், வீசிய பின் நிலைக்கு மீளும் நேரம். எதில் எவ்வளவு என்பதில்தான் ஒரு வாளின் குணமே இருக்கிறது.

260 ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) உள்ள ஓர் ஓநாயை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் முழுவதும் ஓங்குவதிலேயே போகிறது என்றால், குறுவாள் ஆறாவது அடியில், மூன்றாம் நொடியில் அதைக் கொன்றுவிடும். இரு கை வாளின் முதல் அடி விழவே இரண்டு நொடி. 60 ஹெச்பியோடு நிற்கும் ஓநாயின் மேல் இன்னொரு 200ஐ இறக்க நான்காம் நொடி ஆகிவிடும். அதில் 140 வீண். அதற்குள் ஓநாய் ஓர் அடி நகர்ந்தால் எல்லாமே காற்றில். இப்போது அதே இரண்டு நொடியைத் திருப்பிப் போடுங்கள். அடி உடனே விழுகிறது, நேரமெல்லாம் மீள்வதில். இரு கை வாள் இரண்டாம் நொடியிலேயே வேலையை முடித்துவிடும். குறுவாளுக்கு இரண்டரை ஆகும். டேமேஜ் எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை, வெற்றி மட்டும் கை மாறிவிட்டது. கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லாததால், நேரம் முழுவதையும் ஓங்குவதிலேயே வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

ஆளோடு ஆள் மோதும்போது இது இன்னும் கூர்மையாகும். கண்ணால் பார்த்துக் கை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி வேண்டும். அதோடு பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) சேரும். 0.2 நொடியில் ஓங்கி வீசும் குறுவாளைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது, ஊகித்துத்தான் தடுக்க வேண்டும். ஒரு நொடி ஓங்கும் வாளை எல்லாரும் தடுப்பார்கள். எனவே அந்த ஒரு நொடிக்கு ஈடாக இரு கை வாளுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். என் விருப்பம்: ஓங்கும்போது சின்ன அடிகளால் அது கலையக் கூடாது. கேடயத்தில் பட்டாலும் எதிரி ஓர் அடி பின்வாங்க வேண்டும். கேடயம் இல்லாதவன் விலகித்தான் தப்ப வேண்டும்.

கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு அடியிலும் 20 கழிக்கும் கவசம் இருந்தால் குறுவாள் நொடிக்கு 60க்கு இறங்கும், நெடுவாள் 80, இரு கை வாள் 90. இதைச் சிலர் குறையாகப் பார்க்கிறார்கள். நான் வரவேற்கிறேன். சில மிருகங்களுக்கு மட்டும் இந்தக் கவசத்தைப் போட்டால், அவற்றின் குகைக்குள் போகிறவன் வாசலிலேயே வாளை மாற்றுவான். அங்கங்கே ஒவ்வொரு வாள் மேலே வரட்டும். எல்லா இடத்திலும் மூன்றும் சமம் என்றால் மூன்று வாள் எதற்கு?

நிஜ வாளைக் காட்டி வாதிடுகிறவர்களும் வருவார்கள். நிஜத்தில் இரு கை வாள்கள் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோதான்; பழகிய கையில் அவை மந்தமாகச் சுழன்றவை அல்ல. மந்தம் என்பது விளையாட்டுகள் கொடுத்த குணம். அது நல்ல குணம், வைத்துக்கொள்ளுங்கள்.

நெர்ஃப் செய்வதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவற்றை மட்டும் பஃப் செய்துகொண்டே (பலத்தைக் கூட்டிக்கொண்டே) போனால் மிருகங்கள் சாகும் வேகம் ஏறும், அவற்றின் ஹெச்பியை ஏற்ற வேண்டிவரும், அதற்கு முடிவே இல்லை. ஆனால் செய்கிற விதம் உண்டு. நான் ஆடிய ஒரு விளையாட்டில் மாதக்கணக்கில் பொருள் சேர்த்து மேம்படுத்திய வாளை ஒரே இரவில் பாதியாக்கினார்கள். முன்னறிவிப்பு இல்லை, காரணமும் சொல்லவில்லை. காலையில் நுழைந்து, முந்தின நாள் நான்கு அடியில் விழுந்த மிருகத்தை எட்டு அடி அடித்தேன். மறுநாள் அதைத் திறக்க மனம் வரவில்லை. நீங்கள் குறைப்பதானால் பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மேம்படுத்தச் செலவழித்த பொருளையும் திருப்பிக் கொடுங்கள்.

கல்லை மாற்றுங்கள், ஓங்கும் நேரத்தைப் பிரியுங்கள். அதன் பிறகு இரண்டு வாரம் எதையும் தொட வேண்டாம். எந்த மிருகத்துக்கு முன்னால் யார் எந்த வாளுக்கு மாறுகிறார்கள் என்று மட்டும் சர்வரில் பதிவுசெய்து வையுங்கள். அதைப் பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது, அனுப்புங்கள்.