ஆளுக்கொரு மாடு வாங்கிக் கொடுக்கலாமா?

பினாங்கு செபராங் பிறையில் கால்நடை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு, நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு கறவை மாடு வாங்கிக் கொடுத்தால் நிலையான வருமானம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல எண்ணம், ஆனால் மாட்டில் ஆரம்பிக்காதீர்கள். கொட்டகை நிற்கிற நிலம் யாருடையது, புல்லுக்கு இடம் இருக்கிறதா, முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

என் மாமா சுங்கை பாக்காப் பக்கம் மாடு வைத்திருக்கிறார், வாரக் கடைசியில் நானும் போய்க் கூடமாட வேலை செய்வேன். அங்கே பலர் தோட்டத்துக் காலத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மரங்களுக்கு நடுவே மேய விட்டுப் பழகியவர்கள். தோட்டத்தை வீடு கட்ட விற்ற பிறகு மேய்ச்சல் நிலம் போய்விட்டது, மாடு மட்டும் மிஞ்சியது. அது சாலையில் இறங்கும், பிடித்துக்கொண்டு போவார்கள், அபராதம் கட்டி மீட்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் இன்னொரு மாட்டைக் கொண்டுபோய்க் கட்டினால் செலவுதான் கூடும்.

கறவை மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பசும்புல் தின்னும். 400 கிலோ மாட்டுக்கு 40 கிலோ, மழையோ வெயிலோ தினமும் அறுத்தாக வேண்டும். நேப்பியர் புல்லை 6 முதல் 8 வாரத்துக்குள் அறுக்காவிட்டால் தண்டு முற்றிவிடும், மாடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டு மீதியைக் காலில் போட்டு மிதிக்கும். சாணி எரு நன்றாகப் போட்டால் அரை ஏக்கர் நேப்பியர் ஒன்றிரண்டு மாட்டுக்குத் தாங்கும். அதனால் உங்கள் பணத்தில் முதல் பங்கு, எழுத்தில் உள்ள நீண்ட காலக் குத்தகைக்குப் போகட்டும். வாய்ச்சொல்லை நம்பிப் புல் நட வேண்டாம்.

அப்புறம் 'ஆளுக்கொரு மாடு' கணக்கு. சினைக் காலம் சுமார் 280 நாள், கன்று போடுவதற்கு முன் கடைசி இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும். ஒரே மாடு இருக்கிற வீட்டில் அந்த இரண்டு மாதம் வருமானம் சுத்தமாக நின்றுவிடும், தீனிச் செலவு நிற்காது. அப்போதுதான் கிடேரிக் கன்றை விற்பார்கள், நாளைய கறவை மாடே அதுதான். பத்து வீட்டுக்கு ஒவ்வொன்று கொடுப்பதைவிட, ஐந்து வீட்டுக்கு வேறு வேறு மாதத்தில் கன்று போடும் இரண்டிரண்டு மாடுகள் கொடுங்கள்.

இனம் பார்க்கும்போது, அதிகப் பால் என்று தூய பிரீசியனைக் காட்டுவார்கள், நம் வெயிலில் அது மூச்சு வாங்கித் தீனியைக் குறைத்துவிடும். ஜொகூர் குளுவாங்கில் பிரீசியனையும் வெயில் தாங்கும் சாகிவால் இனத்தையும் கலந்து உருவாக்கிய மஃப்ரிவால் மாதிரி கலப்பினம்தான் தாங்கும். செம்பனைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் யாராவது செம்மறி ஆடும் வைத்திருந்தால் சொல்லிவிடுங்கள், அதையே தொடர்ந்து போட்டால் அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து ஆடு செத்துப்போகும்.

விற்பனைக்கு வருவோம். தைப்பூசத்துக்குப் பினாங்கில் பாலுக்கு எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்கே தெரியும், ஆனால் அந்த வாரத்து விலையை வைத்து லாபக் கணக்குப் போடாதீர்கள். வருடம் முழுக்க எடுக்கிற வீடும் டீக்கடையும்தான் சோறு போடும், அவர்கள் நிற்பது நம்பிக்கையில். அத்தை கறக்கும்போது ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சை ஒரு கறுப்பு மூடியில் விட்டுப் பார்ப்பார். திரித்திரியாக வந்தால் மடிநோய், அந்த மாட்டுப் பால் விற்பனைக்குப் போகாது, அன்றைக்கு எத்தனை லிட்டர் குறைந்தாலும் சரி. இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்காமல் மாடு மட்டும் கொடுத்தால் வாடிக்கை நிலைக்காது.

நிலமே கிடைக்காத குடும்பத்துக்கு வெள்ளாடு பாருங்கள். பலகைத் தரை போட்டு உயர்த்திய கொட்டகை போதும், கீழே விழும் புழுக்கையை மூட்டை கட்டினால் தீவுப் பக்கம் பாலிக் பூலாவ் டுரியான் தோட்டங்கள் வரை அதை எருவாக விற்கலாம்.

குத்தகை எழுத்தில் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், மாடு பார்த்து வாங்க மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.