விஎம்ஹெச்பிஏ நம்பரை நம்பாதீங்க: ஸ்டோரேஜ் அடாப்டர் கேள்வி பதில்

விஎம்வேர் விஸ்பியர்ல (ஒரு சர்வர்ல பல வர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டுற சாஃப்ட்வேர்) ஸ்டோரேஜ் அடாப்டரை (சர்வரை டிஸ்க்கோட இணைக்கிற கார்டு இல்லன்னா கண்ட்ரோலர்) குழப்பமில்லாம எப்படி அடையாளம் வெக்கிறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, கேள்வியை போட்டு கீழயே பதில் எழுதிட்டேன்.

கேள்வி: அண்ணா, எங்க 12 ஹோஸ்ட்லயும் (விஎம் ஓடுற சர்வர்) விஎம்ஹெச்பிஏ2ன்னு ஒரு அடாப்டர் இருக்கு. இன்வென்டரி டேட்டாபேஸ்ல அதையே கீயா (ஒவ்வொண்ணையும் தனியா அடையாளம் காட்டுற மதிப்பு) வெக்கலாமா?

வேண்டாம் தம்பி. அது அந்த ஒரு ஹோஸ்ட்டுக்குள்ள மட்டும் செல்லுற பேரு, தெருவுக்கு ஒரு முருகன் இருக்கிற மாதிரி. ஈஎஸ்எக்ஸ்ஐ (ஹோஸ்ட்ல ஓடுற விஎம்வேர் சாஃப்ட்வேர்) பிசிஐ அட்ரஸை, அதாவது கார்டு எந்த ஸ்லாட்ல இருக்குங்கிற விலாசத்தை, வெச்சு பேர் குடுத்து அதை ஞாபகமும் வெச்சுக்குது, ஆனா கார்டை வேற ஸ்லாட்ல போட்டாலோ மதர்போர்டு மாத்தினாலோ நம்பர் மாறிப்போகலாம். ஏபிஐல (ஸ்கிரிப்ட் மூலமா விவரம் கேக்குற வழி) வர்ற கீ வேற மாதிரி நீளமா தெரியும், ஆனா அதோட கடைசியிலயும் இதே விஎம்ஹெச்பிஏ2 தான் இருக்கு, ஏமாந்துடாத. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ஷீட்ல "விஎம்ஹெச்பிஏ2 எல்லாம் ஏ ஃபேப்ரிக்"னு எழுதி வெச்சிருந்தாங்க (ஃபேப்ரிக்னா ஸ்டோரேஜுக்கு போற ஸ்விட்ச் பாதை, ஏ, பின்னு ரெண்டு), ஒரு ஹோஸ்ட்ல மட்டும் வரிசை தலைகீழ், ஏ பக்க ஸ்விட்ச் மெயின்டெனன்ஸ்ல டவுனா இருக்கும்போது ஏ கேபிள்னு நெனச்சு பி கேபிளை கழட்டிட்டோம், அந்த ஹோஸ்ட்ல ஓடின விஎம் அத்தனையும் டிஸ்க் இல்லாம நின்னுச்சு. அன்னிக்கு ராத்திரி பட்ட பாட்டை நீங்க யாரும் படக்கூடாதுன்னுதான் இவ்ளோ சொல்றேன்.

கேள்வி: அப்போ ஃபைபர் சேனலுக்கு (ஸ்டோரேஜுக்குன்னே உள்ள தனி நெட்வொர்க்) எதை எடுக்கணும் சார்? ரெண்டு டபிள்யூடபிள்யூஎன் (ஃபைபர் சேனல் அடையாள நம்பர்) காட்டுது.

போர்ட் டபிள்யூடபிள்யூஎன். 64 பிட், ஹெக்ஸ்ல எழுதினா 16 எழுத்து. நோட் டபிள்யூடபிள்யூஎன் பல கார்டுல ரெண்டு போர்ட்டுக்கும் ஒண்ணாவே இருக்கும், அதை கீயா வெச்சா ஒரு போர்ட் காணாம போயிடும். ஜோனிங்கும் (எந்த ஹோஸ்ட் எந்த ஸ்டோரேஜை பாக்கலாம்னு ஸ்விட்ச்ல பிரிக்கிறது) போர்ட் டபிள்யூடபிள்யூஎன்லயே பண்ணுங்க.

கேள்வி: பவர்சிஎல்ஐல (விஎம்வேரோட கமாண்ட் டூல்) டபிள்யூடபிள்யூஎன் எடுத்து எக்செல்ல போட்டேன், ரெண்டு போர்ட்டுக்கும் ஒரே நம்பர் வருது. கார்டு ஃபால்ட்டா?

கார்டு நல்லாத்தான் இருக்கு, எக்செல் பண்ற வேலை இது. ஏபிஐ அந்த நம்பரை ஹெக்ஸா குடுக்காம 64 பிட் முழு எண்ணா குடுக்குது, டெசிமல்ல பாத்தா 19 இலக்கம் வரும். எக்செல் 15 இலக்கம்தான் வெச்சுக்கும், மிச்சத்தை பூஜ்யமாக்கிடும். பக்கத்து பக்கத்து போர்ட்ல வித்தியாசம் பெரும்பாலும் கடைசி இலக்கங்கள்லதான் இருக்கும், அதனால ரெண்டும் ஒண்ணா ஆயிடுது. ஜாவாஸ்கிரிப்ட்லயும் இதே கதைதான், அதுல 2 அடுக்கு 53 தாண்டினா முழு எண் துல்லியம் போயிடும். எடுக்கும்போதே 16 இலக்க ஹெக்ஸ் ஸ்ட்ரிங்கா மாத்திடுங்க, டேட்டாபேஸ்லயும் டெக்ஸ்ட்டாவே வைங்க.

கேள்வி: என்ஏஏ டாட்னு (naa.) ஆரம்பிக்கிற ஐடி அடாப்டரோடதா?

இல்லை, அது லன்னோட (ஸ்டோரேஜ் பாக்ஸ் ஹோஸ்ட்டுக்கு குடுக்கிற டிஸ்க்) ஐடி. அதே லன்னை பத்து ஹோஸ்ட் பாத்தாலும் அதே ஐடி வரணும், அடாப்டருக்கு அது உதவாது.

கேள்வி: ஐஸ்கசி (சாதா நெட்வொர்க் வழியா ஸ்டோரேஜ்) ஹோஸ்ட் ரெண்டு, மாத்தி மாத்தி கனெக்‌ஷன் அறுந்துட்டே இருக்கு அண்ணா. ஒண்ணை குளோன் பண்ணித்தான் இன்னொண்ணு போட்டோம்.

அதேதான் காரணமா இருக்கும்மா. ரெண்டுக்கும் ஐக்யூஎன் (ஐஸ்கசில ஹோஸ்ட்டை அடையாளம் காட்டுற பேர்) ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாரு. சாஃப்ட்வேர் ஐஸ்கசி அடாப்டரை ஆன் பண்ணும்போது ஹோஸ்ட் பேரோட பின்னாடி ஒரு ரேண்டம் துண்டு சேந்து ஐக்யூஎன் உருவாகும், குளோன் பண்ணா அதுவும் அப்படியே வந்துடும். அப்புறம் ஒரு ஹோஸ்ட் லாகின் பண்ணா ஸ்டோரேஜ் பாக்ஸ் "பழைய ஆளே திரும்ப வர்றார்"னு நெனச்சு மத்ததோட செஷனை மூடிடும். குளோனோட ஐக்யூஎன்னை மாத்தி, ஸ்டோரேஜ் பக்கத்துலயும் புது பேரை சேத்து, ரீஸ்கேன் குடு.

கேள்வி: லோக்கல் சாட்டா கண்ட்ரோலருக்கு (ஹோஸ்ட்டுக்குள்ளயே இருக்கிற டிஸ்க்குக்கானது) டபிள்யூடபிள்யூஎன்னே இல்லையே?

ஆமா, ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ (ஹோஸ்ட்டோட கமாண்ட் டூல்) அடாப்டர் லிஸ்ட்ல யுஐடிங்கிற நெடுவரிசையை பாருங்க, ஃபைபர் சேனலுக்கு டபிள்யூடபிள்யூஎன் வரும், ஐஸ்கசிக்கு ஐக்யூஎன் வரும், சாட்டாவுக்கு வெறும் விஎம்ஹெச்பிஏ பேர்தான். அங்க ஹோஸ்ட் ஐடியும் பிசிஐ அட்ரஸும் சேத்து ஒரு கீ பண்ணுங்க. ஹோஸ்ட் ஐடிக்கு விசென்டர் (எல்லா ஹோஸ்ட்டையும் நிர்வகிக்கிற சர்வர்) குடுக்கிற ஹோஸ்ட்-ஹைஃபன் நம்பரை எடுக்காதீங்க, ஹோஸ்ட்டை இன்வென்டரில இருந்து எடுத்துட்டு திரும்ப சேத்தா அது புதுசாயிடும், இன்னொரு விசென்டர்ல அதே நம்பர் வேற ஹோஸ்ட்டுக்கும் இருக்கலாம். ஹார்டுவேர் யூயூஐடி, அதாவது சர்வருக்கே உள்ள தனி ஐடி, எடுங்க.

கேள்வி: எங்களோடது சிஸ்கோ யூசிஎஸ் பிளேடு, கார்டு மாத்தியும் டபிள்யூடபிள்யூஎன் மாறல?

யூசிஎஸ்ல அது சர்வீஸ் புரொஃபைலோட (சர்வருக்கான செட்டிங் தொகுப்பு) சொத்து, ப்ரொஃபைல் எந்த பிளேடுக்கு போகுதோ அங்க கூடவே போகும். ஜோனிங்குக்கு ரொம்ப வசதி, ஆனா வாரண்டிக்கு கார்டை தேடுறீங்கன்னா சீரியல் நம்பரை தனியா ஒரு நெடுவரிசைல எழுதி வெச்சுக்கோங்க.